இடது காதுக்கு அடியில் ஒரு துளை

என் நோய் முதலில் விசிலில்தான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. கொல்லிமலைக்கு ஏறி இறங்கும் பேருந்தில் நான் கண்டக்டர். ஒரு நாள் மலையடிவாரத்துக் காரவள்ளியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு விசிலை வாயில் வைத்து ஊதினேன். காற்று விசிலுக்குள் போகாமல் மூக்கு வழியாக வெளியேறியது. விசில் பழசாகிவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கினேன். அதிலும் சத்தம் வரவில்லை. மூக்கை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊதினால் மட்டும் வந்தது. சளிதான், போய்விடும் என்று நினைத்துக்கொண்டு, சில வாரங்கள் மூக்கைப் பிடித்தபடியே விசில் ஊதினேன்.

அடுத்தது குரல். பேசினால் பாதி மூக்கில் வந்தது. ஊர்ப் பெயர்களை உரக்கச் சொல்ல வேண்டிய வேலை எனக்கு. சோளக்காடு என்று சொன்னால் பின்சீட்டில் இருப்பவர்கள் அதையே மூக்கால் திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதன் பிறகு ஒரு நாள் செம்மேடு பேருந்து நிலையத்து டீக்கடையில், வாயில் விட்ட டீ மூக்கு வழியாக வந்து எதிரே நின்றவரின் வெள்ளை வேட்டியில் கொட்டியது. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்து நின்றதை இப்போதும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து நான் யார் முன்னாலும் சாப்பிடுவதை நிறுத்தினேன். மலைமேல் வீட்டில் பொன்னியிடம், கீழே டிப்போவிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்றேன். கீழே ஜமால் பாயிடம் வீட்டிலேயே சாப்பிட்டு வந்தேன் என்றேன். பொன்னி என் மனைவி. ஜமால் பாய் எங்கள் வண்டியின் டிரைவர், கீழே பேளுக்குறிச்சிக்காரர், என்னைவிட மூத்தவர்.

வைத்தியம் பார்க்கப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் சிற்றூரில் சாமையும் மரவள்ளியும் மிளகும் போட்டுப் பிழைக்கிறவர்கள்தான் எல்லாரும். காக்கிச் சட்டை போட்டு அரசு வேலைக்குப் போனவன் நான் ஒருவன்தான். உடம்புக்கு ஆகவில்லை என்று தெரிந்தால் மருத்துவக் குழுவுக்கு அனுப்புவார்கள், அங்கே லாயக்கில்லை என்று எழுதிவிட்டால் சட்டையைக் கழற்ற வேண்டியதுதான் என்று டிப்போவில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பயம் எனக்கு இருந்தது. அதைவிடப் பெரிதாக இருந்தது வெட்கம். கை உடைந்தால் சொல்லலாம். குடிக்கிற தண்ணீர் மூக்கில் வருகிறது என்று யாரிடம் எப்படிச் சொல்வது?

மழைக்காலத்தில் ஒரு மாலை, மலையிறங்கும்போது கொண்டை ஊசி வளைவு ஒன்றில் எதிரே மரவள்ளி மூட்டை ஏற்றப் போகும் லாரி வந்து நின்றது. எங்கள் வண்டிதான் பின்னால் போக வேண்டியிருந்தது. நான் இறங்கிப் பின்பக்கம் நின்றேன். இப்படிப்பட்ட இடத்தில் டிரைவருக்குக் கண் கண்டக்டரின் விசில்தான். விட்டு விட்டு ஊதினால் வரலாம், நீளமாக ஊதினால் நில். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிக்கொண்டே வந்தேன். மழையில் விரல் வழுக்கியது. நீளமாக ஊத வேண்டிய நேரத்தில் வெறும் காற்று வந்தது. கத்தினேன். குரலும் வரவில்லை. வண்டி வந்துகொண்டே இருந்தது. கடைசியில் இரண்டு கையாலும் வண்டியின் தகரத்தை ஓங்கி ஓங்கி அறைந்தேன். ஜமால் பாய் பிரேக்கை மிதித்தார். பின்சக்கரம் ஓரத்துக் கல்லை இடித்து நின்றது. கல் பெயர்ந்து கீழே உருண்டு போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

உள்ளே ஒரு பெண்ணுக்குக் கம்பியில் மோதி நெற்றி புடைத்துவிட்டது. எல்லோரும் இறங்கி என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஏன் விசில் ஊதவில்லை என்று கேட்டார்கள். நான் சொன்ன பதில் மூக்கிலும் குழறலிலுமாக வந்தது. எச்சில் வேறு வழிந்தது. கூட்டத்தில் ஒருவர், இவன் குடித்திருக்கிறான், வாயைப் பாருங்கள் என்றார். அதற்கு மேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை.

மறுநாள் டிப்போவில் அதிகாரி என்னை நிற்க வைத்து, தன் முகத்துக்கு நேரே ஊதச் சொன்னார். வாசனை பார்ப்பதற்காக. ஊதினேன். காற்று மூக்கில் போயிற்று. வாயால் ஊது என்றார். மறுபடியும் அப்படித்தான். ஏமாற்றப் பார்க்கிறான் என்று நினைத்து அவருக்குக் கோபம் ஏறியது. கதவோரத்தில் நின்ற மெக்கானிக்குகள் சிரித்தார்கள். ஜமால் பாய் மட்டும், சார், இவன் அந்தப் பழக்கம் இல்லாதவன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதிகாரி கடைசியாக, குடித்தாயா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல் என்றார். நான் அந்த இடத்தில் ஒரு கணக்குப் போட்டேன். குடித்தவனைச் சில வாரம் சஸ்பெண்ட் செய்வார்கள், பிறகு எச்சரித்து வேலையில் சேர்ப்பார்கள். அப்படிப் பலர் திரும்பி வந்திருக்கிறார்கள். நோயாளியைச் சேர்ப்பார்களா என்பது தெரியாது.

"குடிச்சனுங்க" என்றேன்.

ஜமால் பாய் பேச்சை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

சஸ்பெண்ட் ஆர்டரை வாங்கிக்கொண்டு நான் வீடு சேர்வதற்கு முன்பே செய்தி மலை ஏறிவிட்டது. பொன்னியின் அண்ணன் குடித்துக் குடித்து ஈரல் வெந்து செத்தவர். அவர் ரத்தம் கக்கியதைத் தன் கையால் ஏந்தியவள் அவள். அவள் சண்டை போடவில்லை. "நெசமாங்க?" என்று மட்டும் கேட்டாள். தலையை ஆட்டினேன். அன்று முதல் சோற்றை வைத்துவிட்டு வெளியே போய்விடுவாள். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இருமி, துண்டால் மூக்கைத் துடைத்து, யாரும் பார்க்காமல் சாப்பிட முடிந்தது. கஞ்சி சில நாட்களாகக் கசந்தது. அதுவும் நோயின் ஒரு கூறு என்று எண்ணிக் கேட்காமல் குடித்தேன். உடம்பு இளைத்துக்கொண்டே போனது. இருமலைக் கேட்டுவிட்டுப் பக்கத்து வீட்டார் காசநோயாக இருக்கும் என்று பிள்ளைகளை எங்கள் பக்கம் விடுவதில்லை.

ஜமால் பாய் ஒரு விடுமுறை நாளில் தேடிக்கொண்டு வந்தார். பொன்னி இருவருக்கும் டீ கொடுத்தாள். நான் குடிக்காமல் வைத்திருந்தேன். ஆறிப்போகிறது, குடி என்று வற்புறுத்தினார். ஒரு மிடறு விழுங்கினேன். மூக்கில் வந்தது. தொண்டை அடைத்து, முகம் சிவந்து, மூச்சுக்குத் திணறினேன். அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அடங்கிய பிறகு, "இது எத்தன நாளாப்பா?" என்றார். விசில் பழுதான நாளிலிருந்து என்று சொன்னேன். மறுநாளே அவர் சேலத்தில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் என்னைக் கூட்டிப்போனார். பொன்னியும் கூடவே பஸ் ஏறினாள்.

அந்த டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். சட்டையைக் கழற்றச் சொன்னார். தோள்களைத் தூக்கச் சொன்னார். என் இடது தோள் வலது தோளைவிடத் தாழ்ந்து தொங்குவது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. டிக்கெட் பை தொங்கித் தொங்கி அப்படி ஆகியிருக்கும் என்றேன். அவர் இல்லை என்றார். குரல் நாணில் இடது பக்கம் அசையாமல் நிற்கிறது, மேல்வாய் அண்ணமும் வலது பக்கமாக இழுத்துக்கொள்கிறது, தொண்டையின் இடது பக்கம் தொட்டால் உணர்ச்சி இல்லை, இடது தோள் சரிந்திருக்கிறது, இவற்றுக்கு மூன்று நரம்புகள், மூன்றும் ஒன்றாகப் போகிற இடம் உடம்பில் ஒன்றுதான் என்றார். தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்ததும் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். செலவுக்காக எங்கள் மிளகைக் கொடியில் இருக்கும்போதே ஜமால் பாயின் மச்சான் முன்பணம் கொடுத்து விலைக்கு எடுத்துக்கொண்டார். அப்படித்தான் கிளம்பினோம்.

ஆஸ்பத்திரி நாட்கள் பெரும்பாலும் காத்திருப்புதான். பெஞ்சில் காத்திருப்போம், பெயரைக் கூப்பிடுவார்கள், இன்னொரு பெஞ்சுக்கு அனுப்புவார்கள். என் கையில் எப்போதும் ஒரு துண்டு. மற்றவர்களுக்குத் தெரியாமல் எச்சிலைத் துப்புவதற்கு. விழுங்குவதை நாம் ஒரு வேலையாக நினைப்பதே இல்லை. அது போன பிறகுதான் தெரியும், மனிதன் சும்மா இருக்கும்போதும் விழுங்கிக்கொண்டே இருக்கிறான். எம்.ஆர்.ஐ. என்ற காந்த ஸ்கேனில் குழாய் போன்ற ஒன்றுக்குள் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். மல்லாக்கப் படுத்தால் எச்சில் தொண்டையில் தேங்கிவிடும். அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். என்னால் முடியவில்லை. கையில் கொடுத்திருந்த பொத்தானை அழுத்தி அழுத்தி வெளியே வந்தேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் ஒரு நர்ஸ் எச்சிலைக் குழாய் வைத்து உறிஞ்சிவிட்டுப் படுக்க வைத்த பிறகுதான் படம் விழுந்தது.

வார்டில் ஒரு காலை, பெரிய டாக்டரம்மா மாணவர்களோடு வந்தார். கையில் காய்ந்த மண்டையோடு. கட்டிலைச் சுற்றி நின்றார்கள். இவர் பஸ் கண்டக்டர், விசில் ஊத முடியாமல் போனதுதான் முதல் அறிகுறி, எந்த நரம்பு என்று அவர் கேட்டார். ஒரு மாணவி மூளை நரம்புகளில் பத்தாவது என்றாள். அது அண்ணத்தைத் தூக்கி மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிற நரம்பு, அடைப்பு இல்லாவிட்டால் காற்றும் தண்ணீரும் மூக்கில் வந்துவிடும் என்று விளக்கினாள். ஒவ்வொருவராக என் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். "ஆ" சொல்லச் சொன்னார்கள். எச்சில் தாடையில் ஒழுகியது. கை இரண்டையும் தூக்கச் சொல்லியிருந்ததால் துடைக்க முடியவில்லை. பேருந்தில் எத்தனையோ பேர் முன்னால் நின்று பழகியவன் நான். ஆனாலும் அந்தப் பிள்ளைகள் முன்னால் வாயைத் திறந்து ஒழுக விட்டபடி இருந்தபோது கூசியது போல எங்கேயும் கூசியதில்லை. அதே நேரம், என் விசிலை ஒருவர் குற்றமாகச் சொல்லாமல் அறிகுறியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதைக் கேட்டு அழுதுவிட்டேன். வலிக்கிறதா என்று ஒரு மாணவன் கேட்டான். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

அன்று பிற்பகல் டாக்டரம்மா என்னையும் பொன்னியையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் என்ன செய்யப்போகிறோம் என்று இருவருக்கும் புரிய வேண்டும் என்றார். மண்டையோட்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டினார். தலை என்றால் மூடிய சட்டி என்று நினைத்திருந்தேன். அடியில் பார்த்தால் பெரிதும் சிறிதுமாக எத்தனையோ ஓட்டைகள். நடுவில் பெரிய வட்டத்தின் வழியாகத் தண்டுவடம் இறங்குகிறது. அதற்குப் பக்கவாட்டில், காதுக்கு அடியில், இரு பக்கமும் ஒழுங்கற்ற ஒரு பிளவு போல இரண்டு துளைகள். கழுத்துச் சிரைத் துளை என்று பெயர் சொன்னார். மூளையில் ஓடி முடிந்த ரத்தமெல்லாம் சிரை என்னும் பெரிய ரத்தக்குழாயில் சேர்ந்து இதன் வழியாகத்தான் கழுத்துக்கு இறங்குகிறது. பெரும்பாலும் வலது துளை இடதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்குமாம். இடது துளையில் பென்சில் முனையை விட்டுக் காட்டினார். அந்தச் சிரைக்கு முன்னால், அதே இடுக்கில், மூன்று நரம்புகள் இறங்குகின்றன. ஒன்பதாவது தொண்டையின் உணர்ச்சிக்கும் நாக்கின் பின்பக்கத்து ருசிக்கும். பத்தாவது அண்ணத்துக்கும் குரலுக்கும் விழுங்குவதற்கும், அதற்கும் கீழே இதயம் வயிறு வரைக்கும். பதினொன்றாவது தோளைத் தூக்கவும் கழுத்தைத் திருப்பவும். என் இடது துளைக்குள் ஒரு நரம்பின் உறையிலிருந்து கட்டி வளர்ந்து மூன்றையும் எலும்போடு வைத்து நசுக்குகிறது. பார்த்தால் புற்றுநோய் போலத் தெரியவில்லை, மெதுவாக வளரும் கட்டி, பல வருடமாக இருந்திருக்கும் என்றார்.

எங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்டார். நான் வேலையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பொன்னி முன்னால் வந்து மண்டையோட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

"பொடி ஏதாச்சும் சோத்துல கலந்து குடுத்தா இந்த நரம்பு செத்துப்போயிருமுங்களா?"

என்ன பொடி என்று டாக்டரம்மா கேட்டார். பேளுக்குறிச்சிச் சந்தையில் வேர் விற்கிறவனிடம் வாங்கினாளாம். குடியை வெறுக்க வைக்கும் பொடி. நான் குடித்தேன் என்று சொன்ன வாரத்திலிருந்து கஞ்சியில் கலந்திருக்கிறாள். நான் இளைக்க இளைக்க, இருமி இருமித் திணற, தன் பொடிதான் என்னைக் கொல்கிறது என்று நினைத்திருக்கிறாள். நிறுத்திவிட்டாள், ஆனாலும் நான் தேறவில்லை. சேலத்தில் டாக்டர் நரம்பு என்று சொன்னதும் அது உறுதியாகிவிட்டது அவளுக்கு. இத்தனை நாளும், பெஞ்சு பெஞ்சாக என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதெல்லாம், புருசனைக் கொன்றவள் என்ற நினைப்போடுதான் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கண்ணன் போன மாதிரி இவரும் போயிருவாரோன்னுதாங்க குடுத்தேன்" என்றாள்.

டாக்டரம்மா அவளை உட்கார வைத்தார். அந்த மாதிரிப் பொடிகளைக் கொடுக்கக் கூடாது, ஆனால் இந்தக் கட்டிக்கும் பொடிக்கும் சம்பந்தமே இல்லை, பொடி வாங்குவதற்குப் பல வருடம் முன்பே கட்டி அங்கே இருந்தது என்று நிதானமாக, வேறு வேறு விதமாகச் சொன்னார். குடியாலும் இது வராது என்றார். பிறகு என்னைப் பார்த்து, நீங்கள் எவ்வளவு குடிப்பீர்கள், மயக்க மருந்து கொடுப்பவருக்குத் தெரிய வேண்டும் என்றார்.

நான் குடித்ததே இல்லை என்று சொன்னேன்.

பொன்னி என் பக்கம் திரும்பினாள். "அப்பறம் ஏனுங்க குடிச்சேன்னு சொன்னீங்க?"

என்னிடம் பதில் இருந்தது. வேலை போய்விடும் என்று பயந்தேன், மூக்கில் சோறு வருகிறவன் என்று தெரிவதைவிடக் குடிகாரன் என்று பெயர் எடுப்பது மேல் என்று பட்டது. ஆனால் அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. என் வெட்கத்தை மறைக்க நான் சொன்ன ஒரு பொய், என் வீட்டிலேயே ஒருத்தியைக் கொலைகாரி என்று நம்ப வைத்திருக்கிறது. அறையை விட்டு வெளியே வந்து, தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் வந்து, என் தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்துக்கொண்டு காய்ந்த துண்டைப் போட்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகும் பல நாள் அவள் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை.

ஆபரேஷன் காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து செய்தார்கள். கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை. கழுத்தில் துளை இருக்கும்வரை கொஞ்சமும் குரல் கிடையாது. மூக்குக் குழாயில் பாலும் கஞ்சித் தெளிவும் ஊற்ற நர்ஸிடம் பொன்னி கற்றுக்கொண்டாள். காற்றுப் போகாமல், மெதுவாக ஊற்றுவாள். மலச்சட்டி எடுப்பதும் அவள்தான். எடுக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். ஜமால் பாய் ஒரு தடவை வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, மலைப்பாதையில் எந்த வளைவில் மண் சரிந்தது, யார் வண்டி நின்றுபோனது என்று நான் பதில் சொல்ல முடியாத கதைகளாகவே சொல்லிவிட்டுப் போனார்.

கட்டி முழுவதும் வந்துவிட்டது. புற்று இல்லை என்று சோதனையும் சொன்னது. ஆனால் பத்தாவது நரம்பு கட்டியோடு பின்னிக் கிடந்ததால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும், குரல் காற்றாகத்தான் இருக்கும் என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். விழுங்கப் புதிதாகப் பழக்கினார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டி, முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டு விழுங்க வேண்டும். அப்படிச் செய்தால் கெட்ட பக்கத்து வழி மூடிக்கொண்டு, நல்ல பக்கம் வழியாக உணவு இறங்கும். தண்ணீர்தான் ஆபத்து, கெட்டியாக இருந்தால் நல்லது என்றார்கள். பொன்னி ராகி மாவைக் கெட்டியாகக் கிண்டி, கரண்டி நுனியில் எடுத்து வைத்தாள். முகத்தைத் திருப்பி விழுங்கினேன். இறங்கிற்று. மூக்கில் வரவில்லை. கரண்டியை வைத்துவிட்டு அவள் வெளியே போய் நின்றாள்.

ஊருக்குத் திரும்பும் வழியில் டிப்போவுக்குப் போனேன். அதிகாரியிடம் மருத்துவச் சான்றைக் கொடுத்து, அன்று நான் குடிக்கவில்லை, பொய் சொன்னேன் என்றேன். கேட்க அவர் மேசைக்கு மேல் குனிய வேண்டியிருந்தது. சான்றை அவர் கடைசி வரி வரை படித்தார். பிறகு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். கண்டக்டராகப் போக முடியாது, உள் வேலைக்கு எழுதுகிறேன், நேரமாகும் என்றார். பின்னால் டயர்ப் பிரிவில் வேலை கிடைத்தது.

அன்றே ஜமால் பாயின் வண்டியில் மலை ஏறினோம். பொன்னியும் நானும் முன்சீட்டில். காரவள்ளியில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், மிளகு வியாபாரத்துக்கு வந்தவர், பின்னாலிருந்து சத்தமாகக் கேட்டார்.

"ஏனுங் கண்டக்டரே, குடிய விட்டுப்போட்டீங்களா?"

வண்டி நிறைய ஆள். பொன்னி பதில் சொல்லத் திரும்பினாள். நான் அவள் கையைத் தொட்டு நிறுத்திவிட்டு எழுந்து நின்றேன். பேசினேன். இரைச்சலில் என் காற்றுக் குரல் எனக்கே கேட்கவில்லை. என்ன சொல்கிறான் என்று யாரோ கேட்டார்கள். மறுபடியும் சொன்னேன். கேட்கவில்லை. உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது.

ஜமால் பாய் எஞ்சினை நிறுத்தினார்.

"நான் எப்பவும் குடிச்சதில்லீங்க" என்றேன். "தலைக்குள்ள ஒரு கட்டி. தண்ணி குடிச்சா மூக்குல வந்துச்சு. அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுக் குடிச்சேன்னு சொல்லிட்டனுங்க. எங்கூட்டுக்காரிகிட்டயும் அதயேதான் சொன்னேன்."

முகமெல்லாம் சுட்டது. உட்கார்ந்தேன். பொன்னி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். ஆனால் அவள் கை என் கையை விடவில்லை. பின்னாலிருந்து அந்த வியாபாரி, சரிங் சாமி, நல்லாயிட்டீங்கல்ல, அது போதும் என்றார்.

ஜமால் பாய் வண்டியைக் கிளப்பினார்.